உட்கார ஓர் ஆசனம்

அத்தியாயம் 9

ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வாஷிங்டன் சர்க்காரின் வாயிற்படியில் காத்துக் கிடந்த யூட்டா பிரதேசம், 1896 ஜனவரி 4-ஆம் தேதி 45-ஆவது ராஜ்யமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சேர்ந்ததையும், அந்த ராஜ்யத்தின் அரசியலமைப்பிலேயே ஸ்திரீகளின் வாக்குரிமை எழுதிச் சேர்க்கப்பட்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். 1870-இல் கிடைத்து, 1887-இல் காங்கிரஸ் மகாசபை இயற்றிய எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டத்தால் பறிபோய், மறுபடியும் கைக்கு வந்த உரிமை அது. அதை எடுத்துப் பயன்படுத்துவதில் யூட்டாவின் பெண்கள் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் தேதி நடந்த தேர்தலில் வாக்களித்ததோடு நில்லாமல் சிலர் அபேட்சகர்களாகவும் நின்றார்கள். அவர்களில் ஒருவர், 39 வயதான வைத்தியர் ஒருவர், ராஜ்யத்தின் மேற்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே கொலராடோ ராஜ்யத்தின் கீழ்ச்சபைக்குப் பெண்கள் சென்றிருந்தார்கள் என்றாலும், ஐக்கிய நாடுகளின் எந்த ராஜ்யத்திலும் செனட் சபையில் ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல் தடவை. மார்த்தா ஹ்யூஸ் கானன் என்ற அந்த அம்மையாரின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல எண்ணுகிறேன். ஏனெனில், அவர் கொண்டுவந்த மசோதாக்களின் வேர் அவருடைய வாழ்க்கைக்குள் வெகு ஆழத்தில் இருக்கிறது.

1857 ஜூலை 1-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் வடகரையில் லாண்டட்னோ என்னும் ஊருக்கு அருகே, பீட்டர் ஹ்யூஸ் என்ற தச்சருக்கு மகளாய்ப் பிறந்தார் மார்த்தா. மார்மோன் மதத்தைத் தழுவிய குடும்பம். சீயோன் என்று அம்மதத்தார் போற்றிய ஸால்ட் லேக் நகரத்தை அடைந்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீராத வேட்கை. கடலைக் கடந்து நியூயார்க்கில் இறங்கியபோதே அவருடைய தேகம் நோயால் தளர்ந்திருந்தது. 1861-இல் வண்டிகளோடு சேர்ந்து புல்வெளிகளையும் மலைகளையும் கடந்து மேற்கே நெடும்பயணம் புறப்பட்டார்கள். வழியில் மார்த்தாவின் தங்கைக் குழந்தை ஆனி இறந்துபோனாள். அடையாளம் நட்டு வைக்கவும் இயலாத ஒரு வெட்டவெளியில் அந்தச் சிசுவைப் புதைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் வண்டிகளோடு நடந்தாக வேண்டியிருந்தது தாய் எலிசபெத்துக்கு. ஸால்ட் லேக் நகரத்தை அடைந்த மூன்றாம் நாள் தந்தையும் கண்ணை மூடினார். 4 வயதுக் குழந்தையான மார்த்தா, இவ்விரண்டு மரணங்களையும் கண்டவர். அவர் வைத்தியம் படிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் தேடுவோர் இதற்கு அப்பால் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

தாய் மறுவிவாகம் செய்துகொண்ட ஜேம்ஸ் பால் என்பவர் நல்ல மனிதர். மாற்றாந்தந்தையாக இருந்தும் அந்தப் பெண்ணின் கல்வி ஆசைக்குத் துணை நின்றவர். ஆயினும் வீட்டில் பணமில்லை. முதலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த மார்த்தா, பிறகு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் சேர்ந்தார். கையில் கோப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரே சாய்ந்திருக்கும் எழுத்துப் பெட்டியின் சிறு அறைகளிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகத் தெரியும் வரிகளை விரல் நுனியால் தடவிச் சரிபார்த்து அடுக்க வேண்டும். காலை முதல் மாலை வரை நின்றபடியே செய்யும் வேலை அது. ‘டெஸரட் நியூஸ்’ பத்திரிகைக்கும், பெண்களே நடத்திய ‘உமன்ஸ் எக்ஸ்பொனன்ட்’ பத்திரிகைக்கும் அவர் இவ்வாறு எழுத்துக் கோத்தார். கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பனியில் நடப்பதற்கு ஆண்கள் அணியும் கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அந்தப் பெண்ணை ஊரார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்துக்கொண்டே வந்தார். நின்று உழைக்கும் பெண்ணின் கால் வலியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர் இந்த வருங்காலச் செனட்டர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1878-இல் டெஸரட் சர்வகலாசாலையில் ரசாயனத்தில் பட்டம் பெற்று, மிச்சிகன் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியில் சேர்ந்து, தங்குமிடத்தில் பாத்திரம் துலக்கியும் படுக்கை விரித்தும் செலவுக்குச் சம்பாதித்து, 1880 ஜூலை 1-ஆம் தேதி, தம் 23-ஆவது பிறந்த நாளன்றே, எம்.டி. பட்டம் பெற்றார். அதோடு போதும் என்று அவர் திரும்பிவிடவில்லை. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் மேற்கொண்டு பயின்றபோது, அந்த வகுப்பில் இருந்த ஒரே பெண் அவர்தாம். அந்தச் சர்வகலாசாலை இருந்த பிலடெல்பியா நகரத்தில் பேச்சுக்கலைப் பள்ளி ஒன்றிலும் சேர்ந்து பட்டம் பெற்றார் என்பது பலருக்கு விசித்திரமாகப் படலாம். ஜனங்களுக்குச் சுகாதாரத்தைப் பற்றி எடுத்துச் சொல்லவேண்டுமானால், நாடி பிடிக்கும் கை மட்டும் போதாது, அவை நடுவே தழுதழுக்காத குரலும் வேண்டும் என்று அவர் கருதினார். எதிர்காலத்தில் சட்டசபை என்ற ஒன்று தமக்குக் காத்திருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1882-இல் ஸால்ட் லேக் நகரத்தில் மார்மோன் பெண்கள் கூடித் தொடங்கிய டெஸரட் ஆஸ்பத்திரியில் அவர் வைத்தியராக அமர்ந்தார். அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தோடு தொடர்புடைய ஆங்கஸ் கானன் என்பவரை 1884 அக்டோபர் 6-ஆம் தேதி மணந்தார். மணமகன் அவரைவிட 23 வயது மூத்தவர். மதத் தலைவர்களுள் ஒருவர். ஏற்கெனவே 3 மனைவியரை உடையவர். இந்த நாலாம் விவாகத்தை இன்றைய வாசகர்கள் முகஞ்சுளிக்காமல் கேட்பது கடினம். நானும் பலதார மணத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் படித்த, சுயமாகச் சம்பாதிக்கிற, ஒருவருக்கும் அஞ்சாத ஒரு பெண், தம் மதத்தின் ஆணை என்று உளமார நம்பி அதில் பிரவேசித்தார் என்பதும், பின்னாளில் அதனால் அடைந்த துயரங்களைப் பெரும்பாலும் வெளியில் சொல்லாமல் சுமந்தார் என்பதும் சரித்திரம். அதை மறைப்பது தகாது.

துயரம் வர வெகு நாள் ஆகவில்லை. 1882-இன் எட்மண்ட்ஸ் சட்டம் ஒருவருக்கு மேற்பட்ட மனைவியரோடு கூடி வாழ்வோரை 6 மாதம் வரை சிறையிலிட வழி செய்திருந்தது. ஆங்கஸ் கானன் 1885-இல் சிறை சென்றார். அவருடைய வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோற்றது. அவ்வாண்டே மார்த்தாவுக்கு எலிசபெத் என்ற பெண் பிறந்தாள். அந்தக் குழந்தையே கணவருக்கு எதிரான சாட்சி. போதாக்குறைக்கு, மார்த்தா வைத்தியராயிற்றே! எத்தனையோ வீடுகளில் பிரசவம் பார்த்தவர். எந்தக் குழந்தைக்கு எவர் தாய், எவர் தந்தை என்று அறிந்தவர். சர்க்கார் வக்கீல்கள் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், தம் கையால் பூமிக்கு வந்த குழந்தைகளின் தகப்பன்மாரைத் தாமே சிறைக்கு அனுப்ப நேரிடும். பிரசவ அறையில் ஒரு தாய் நம்பிச் சொன்னதைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் கொட்ட அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே 1886-இல், கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, யாரும் அறியாமல் புறப்பட்டு, கடல் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 2 ஆண்டுகள் இங்கிலாந்திலும் ஐரோப்பாக் கண்டத்திலும் ஒளிந்து வாழ்ந்த வாழ்க்கை அது. குழந்தை நோயுற்றுக் கிடந்த நாட்களும், கணவரின் கடிதம் வராத வாரங்களும் நிறைந்தது. அந்நிலையிலும் சென்ற ஊர்களில் ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட்டுத் தம் வித்தையை வளர்த்துக்கொண்ட அவர், ஊர் திரும்பியதும் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

சட்டத்துக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிய இந்த அம்மையார், பத்தே ஆண்டுகளில் சட்டம் இயற்றும் சபையில் வந்து அமர்ந்தார். இதற்கு இடையில் நேர்ந்தவை இரண்டு. 1890-இல் மார்மோன் மதத் தலைவர் உட்ரஃப் வெளியிட்ட அறிக்கை, புதிய பலதார விவாகங்களை நிறுத்தியது. ராஜ்ய அந்தஸ்துக்கு இருந்த பெருந்தடை அதனால் விலகிற்று. மார்த்தா அம்மையாரோ பெண்களின் வாக்குரிமைக்காக மேடையேறலானார். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய பெண்கள் மகாநாட்டில் பேசினார்.

1896 தேர்தலைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் விரும்பிச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: ஸால்ட் லேக் தொகுதிக்குரிய 5 ஸ்தானங்களுக்குப் பலர் போட்டியிட்டார்கள், டெமாக்ராடிக் கட்சியின் பட்டியலில் மார்த்தா, ரிபப்ளிகன் கட்சியின் பட்டியலில் அவருடைய கணவர் ஆங்கஸ். மனைவி வென்றார், கணவர் தோற்றார். அதே ரிபப்ளிகன் பட்டியலில் நின்று தோற்றவர்களுள் எம்மலின் வெல்ஸ் அம்மையாரும் ஒருவர். மார்த்தா இளம்பெண்ணாய் இருந்த காலத்தில் எழுத்துக் கோத்துக்கொடுத்த ‘எக்ஸ்பொனன்ட்’ பத்திரிகையை நடத்தியவர் அவர். டெமாக்ராடிக் கட்சியைச் சார்ந்த நாளிதழ் ஒன்று, தம்பதியர் இருவரில் மனைவியே தகுதி மிக்கவர், அவரைச் சபைக்கு அனுப்பிவிட்டுக் கணவரை வீட்டுக் காரியம் பார்க்க விடுங்கள் என்று எழுதியது. கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் மனைவி கணவரைத் தனியே எதிர்த்து மல்லுக்கு நின்றதாக இதை வருணிப்பது உண்மையைக் குறுக்குவதாகும். அந்த ஆண்டு வெள்ளி நாணயப் பிரச்னை அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதையும் ஆட்டிவைத்தது. வெள்ளிக்காகப் போராடிய டெமாக்ராடிக் ஜனாதிபதி அபேட்சகர் பிரயனுக்கு யூட்டாவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான வாக்குகள் விழுந்தன. அந்த வெள்ளத்தில் அக்கட்சியார் ஐவரும் கரை சேர்ந்தார்கள். மார்த்தா அம்மையாரின் வெற்றியில் அவர் புகழுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. கணவன் மனைவிச் சண்டையாக அதைப் பாடுவதால் அவருக்குப் பெருமை கூடவில்லை என்றே சொல்லுகிறேன். அவருடைய பெருமை சபைக்குள் போன பிறகு செய்த காரியங்களில் இருக்கிறது.

ராஜ்யத்தின் செனட் சபை என்பது வாஷிங்டனில் உள்ள செனட் அன்று என்பதை இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். யூட்டாவின் மேற்சபையில் 18 அங்கத்தினர், கீழ்ச்சபையில் 45 பேர். தனியாகச் சட்டசபைக் கட்டடம் இன்னும் எழாத காலம்; ஸால்ட் லேக் நகரமும் ஜில்லாவும் சேர்ந்து கட்டிய மாளிகையில்தான் சபை கூடிற்று. 2 ஆண்டுகளுக்கு ஒரு தடவை, 60 நாட்களுக்கு மிகாமல் கூடிக் கலைந்துவிடும். ஆனால் ஒரு பிரஜையின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற காரியங்களில், அதாவது பள்ளிக்கூடம், குடிநீர், தொற்றுநோய், தொழிற்சாலை, கடைவீதி இவற்றில், அக்காலத்து வாஷிங்டன் மகாசபைக்குப் பெரும்பாலும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் முழுவதும் ராஜ்ய சபைகளிடமே இருந்தது. சுரங்கத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று யூட்டாவின் முதல் சட்டசபை 1896-இல் இயற்றிய சட்டத்தை 1898-இல் சுப்ரீம் கோர்ட்டே ஏற்றுக்கொண்டது. இன்னொன்றும் உண்டு: 1913-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரையில், வாஷிங்டன் செனட்டர்களை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை, ராஜ்ய சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. எனவே, பெரும்பாலான ராஜ்யங்களில் ஒரு பெண் பஞ்சாயத்துத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாதிருந்த அந்நாளில், மார்த்தா அம்மையார் ஐக்கிய நாடுகளின் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கையும் கையில் வைத்திருந்தார்.

1897 ஜனவரியில் சபை கூடிற்று. வந்த ஒரு மாதத்துக்குள் அவர் 3 மசோதாக்களைக் கொண்டுவந்தார். புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் முதல் கூட்டத்தொடரை வழக்கங்களைக் கற்பதிலேயே கழிப்பதுண்டு. இவரோ மசோதாக்களை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டே வந்தவர் போலக் காணப்படுகிறார்.

அவற்றுள் சிறியதாகத் தோன்றுவதை முதலில் சொல்கிறேன். வேலை செய்யும் ஸ்திரீகள், சிறுமிகள் ஆகியோரின் தேக ஆரோக்கியத்தைக் காப்பதற்கான மசோதா என்பது அதன் பெயர். அதன் சாரம் இவ்வளவே: கடைகளில் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் முதலாளிகள், அவர்கள் ஓய்ந்த நேரத்தில் உட்காருவதற்கு நாற்காலியோ முக்காலியோ போட்டு வைக்க வேண்டும். இதற்கு ஒரு சட்டமா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்துப் பெரிய ஜவுளிக் கடை ஒன்றை வாசகர்கள் மனக்கண்ணால் பார்க்கவேண்டும். நீண்ட மரமேடைக்குப் பின்னால், தரை தொடும் பாவாடையும் இறுக்கிக் கட்டிய கச்சுமாக, 16 வயதும் 18 வயதுமான பெண்கள் நிற்கிறார்கள். வாடிக்கைக்காரர் இருந்தாலும் நிற்க வேண்டும். இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பெண் சோம்பேறி என்று வருகிறவர்கள் எண்ணிவிடுவார்களாம். கால் வீங்குவதும், கெண்டைக்காலில் நாளங்கள் புடைத்து முடிச்சிடுவதும், இடுப்பு வலியும், பின்னர்ப் பிரசவத்தில் வந்து தாக்கும் கேடுகளும் கடைக்காரர் கணக்கில் வருவதில்லை. வைத்தியரின் அறைக்கு வரும்போதுதான் தெரிகின்றன. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுக்கலாம். மறுநாள் காலையில் அந்தப் பெண் அதே மேடைக்குப் பின்னால் போய் நிற்கத்தான் வேண்டும். மருந்தால் தீராத நோய்க்கு ஒரு முக்காலி போதும் என்று கண்டு, அந்த முக்காலியைச் சட்டத்தின் கையால் கடைக்குள் கொண்டுபோய்ப் போட்டவர் மார்த்தா அம்மையார். எழுத்துப் பெட்டியின் முன் நின்ற காலத்தை அவர் மறக்கவில்லை. மசோதா நிறைவேறிச் சட்டமாயிற்று. பெரிய பெரிய உரிமைகளைப் பற்றி முழங்கிய சட்டங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு களைத்த பெண்ணை அடுத்த நாளே உட்கார வைத்த இந்தச் சிறிய சட்டத்திடம் எனக்குள்ள மதிப்பு அவற்றிடம் உண்டாகவில்லை.

இரண்டாவது, காது கேளாத, பேச வராத, கண் தெரியாத குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி அளிக்கும் மசோதா. இத்தகைய குழந்தைகளுக்கென யூட்டாவில் பள்ளி ஒன்று இருந்தது. 1896-இல்தான் அது ஆக்டன் நகரத்துக்கு மாறியிருந்தது. பள்ளி இருந்தும், பாசத்தாலோ வெட்கத்தாலோ குழந்தைகளை வீட்டோடு வைத்துக்கொண்ட பெற்றோர் பலர். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் சொன்ன பிறகே அந்தக் கதவுகள் திறந்தன. 1899 கூட்டத்தொடரில் அப்பள்ளிக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுப்பவும் அவரே மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார். விடுதியில் நூறு குழந்தைகள் ஒன்றாய்ப் படுத்துறங்கும் இடத்தில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டால் என்ன ஆகும் என்பதை வைத்தியரிடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

மூன்றாவதே அவருடைய பெரும்பணி: ராஜ்யச் சுகாதார வாரியத்தை அமைக்கும் மசோதா. ஸால்ட் லேக் நகரம் மலையடிவாரத்து ஓடைகளை வாய்க்காலாக வெட்டித் தெருவோரங்களில் ஓடவிட்டு வளர்ந்த நகரம். வயலுக்குப் பாய்வதும் அந்த நீரே, மாடு குடிப்பதும் அதுவே. முற்காலத்தில் வீட்டுப் பானையை நிரப்பியதும் அதுவே. விஷ ஜுரமும் தொண்டை அடைப்பானும் செங்காய்ச்சலும் பெரியம்மையும் முறைவைத்து வந்துபோகும். ஒவ்வோர் ஊரும் தன் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்தது; எட்டாத ஊர் சும்மா இருந்தது. நோய்க்கு ஊர் எல்லை தெரியாது. மேலூரில் ஓடையில் கலந்த அசுத்தம் கீழூரில் குழந்தையைக் கொல்லும். ஆகையால் ராஜ்யம் முழுவதற்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும், அது ஊர்தோறும் சுகாதாரக் குழுக்களை ஏற்படுத்த வேண்டும், தொற்றுநோய்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், நீரையும் பள்ளிக்கூடங்களையும் கண்காணிக்க வேண்டும் என்பதே மசோதாவின் நோக்கம். 1898-இல் வாரியம் அமைந்தது. மார்த்தா அம்மையாரும் அதன் அங்கத்தினரானார். டாக்டர் பீட்டி என்பவர் காரியதரிசியாக இருந்து வெகுகாலம் அதை நடத்தினார். நாலு ஆண்டு கழியுமுன் அம்மை குத்துவதைப் பற்றிப் பெரும் சச்சரவு மூண்டது. அம்மை குத்திக்கொள்ளாத குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாகாது என்று வாரியம் சொல்ல, ஜனங்களில் பெரும்பகுதியார் எதிர்த்தெழ, 1901-இல் சட்டசபை கவர்னரின் மறுப்பையும் மீறிக் கட்டாயத்தைத் தடுத்துச் சட்டம் இயற்றிவிட்டது. அப்போது அம்மையார் சபையில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பயிற்சி பெற்ற குரல் ஓர் உறுதியான எதிர்வாதத்தையாவது பதிவு செய்திருக்கும்.

1898 பிப்ரவரியில் அவர் வாஷிங்டன் சென்றார். பெண்ணுரிமை இயக்கத்தின் பொன்விழாவை ஒட்டிய மகாநாட்டில் பேசியதோடு, காங்கிரஸ் மகாசபையின் நீதிக் குழுவின் முன்னும் ஆஜராகி, பெண்கள் வாக்களித்ததால் யூட்டாவில் குடும்பங்கள் குலைந்துபோகவில்லை என்று, வாக்களித்தும் வாக்குப் பெற்றும் அனுபவம் கண்டவர் என்ற உரிமையோடு எடுத்துரைத்தார். அவரைப் போல நேரடிச் சாட்சியாகப் பேசக்கூடியவர்கள் அன்று அந்த நாட்டில் மிகச் சிலரே.

1899 கூட்டத்தொடருக்கு அவர் வந்தபோது கர்ப்பிணியாக இருந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி க்வெண்டலின் என்ற பெண் பிறந்தாள். முன்பே நடந்த விவாகத்தில் பிறந்த குழந்தைதான் என்றாலும், 1890-இன் அறிக்கைக்குப் பிறகு பலதாரக் குடும்பத்தில் குழந்தை பிறந்தது பெரும் அபவாதமாயிற்று. ஆங்கஸ் கானன் கைதாகி 100 டாலர் அபராதம் கட்டினார். பத்திரிகைகள் பேச, ஊர் பேச, அம்மையாரின் அரசியல் வாழ்வு அத்துடன் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாராயம் முதலிய போதைப் பொருள்களின் தீமையைக் கற்பிக்கும் சட்டம், அவர் கடைசியாகச் செய்த காரியங்களுள் ஒன்று. மறுபடியும் அவர் தேர்தலுக்கு நிற்கவில்லை. முன்பு குழந்தையே தந்தைக்கு எதிரான சாட்சியாக ஆனதைக் கண்டோம்; 14 ஆண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு குழந்தை அதே சாட்சியாக வந்து நின்றபோது, அவர் செனட்டர்; ஓடி ஒளிய இடமில்லை.

பின்னாளில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றிய அம்மையார், 1932 ஜூலை 10-ஆம் தேதி, தம் 75-ஆவது வயதில் காலமானார். உடலை ஸால்ட் லேக் நகரத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தம் நாட்குறிப்புகளை எரித்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. மகன் ஜேம்ஸ் அப்படியே செய்தார். பிரசவ அறைகளில் கேட்டதைக் கோர்ட்டில் சொல்ல மறுத்தவர், தம் மனத்தில் நிகழ்ந்ததையும் நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டார். எஞ்சியவை சில கடிதங்களும், சபையின் நடவடிக்கைக் குறிப்புகளும், சட்டப் புத்தகத்தில் சில பக்கங்களும்தாம்.

அவரோடு அதே 1896 தேர்தலில் யூட்டாவின் கீழ்ச்சபைக்குச் சென்ற பெண்கள் இருவர்: நாடகசாலையில் பெண்கள் பெரிய தொப்பிகளைக் கழற்றி வைக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த யூரித் லபார்த் அம்மையாரும், அதற்கு முந்தின ஆண்டே வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கக் கோரி வழக்காடிய ஆக்டன் நகரத்துச் சாரா ஆண்டர்சன் அம்மையாரும். அவர்கள் வரலாறு அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)